பிசின் வைத்துக் குருவி பிடித்த பேராச்சி

மங்களேஸ்வரி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது அவள் கழுத்தில் தாலி ஏறிய மூன்றாம் நாள். ஐம்பத்தாறாம் வருசம், ஆவணி மாசம். சுந்தரபாண்டியபுரத்தில் புருசன் வீட்டு அடுப்படியில் மாமியார் முத்துவடிவு கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். புதுப்பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அவுக ஏன் அத்தே இம்புட்டு முடி வளத்திருக்காக? கல்யாணத்துக்குக்கூட வெட்டலியே. எந்தச் சாமிக்கு நேந்திருக்காக?"

"பேராச்சிக்கு."

பேராச்சி என்றதும் அம்மன் என்று நினைத்து மங்களேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கருவாட்டுத் தண்ணீர் சொட்டும் கையாலேயே மாமியார் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"சாமியில்லட்டி, சண்டாளி. உனக்கு ஓரகத்தி. என் மூத்த மவன் சிவசைலத்தை உலக்கையால அடிச்சுக் கொன்னவ. ஜெயில்ல கிடக்கா. வெளிய வரட்டும்னுதான் உம் புருசன் காத்துக் கிடக்கான்."

மாமியார் சொன்ன கதையில் சிவசைலம் சோறு தின்றுகொண்டிருந்தான். வாயில் வைத்த உருண்டை விழுங்கும் முன்னே பின்பக்கமாக வந்து மூன்று அடி. மூன்றாவது அடியில் மண்டை பிளந்துபோய்க் குழம்பும் ரத்தமும் ஒரே தட்டில் கலந்தது. கிணற்றடியில் தெருப் பெண்கள் சொன்ன கதையோ அதற்கு எட்டு நாள் முன்னாலேயே தொடங்கியது. பேராச்சிக்கு அப்போது ஏழு மாசம். வண்டிக்கு அச்சாணி எடுத்து வைக்க மறந்துவிட்டாள் என்று சிவசைலம் வயிற்றிலேயே மிதித்தான். அன்று சாயங்காலமே பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அதைப் புதைத்த கையோடு வந்து, "எம் பிள்ளைய முழுங்கிட்டியே" என்று அவளை மறுபடி அடித்தான். முன்பல் இரண்டு போயிற்று. எட்டு நாள் படுத்துக் கிடந்தாள். ஒன்பதாம் நாள் எழுந்து குளித்து, சோறு வடித்து, அவனுக்குப் போட்டுவிட்டு உலக்கையை எடுத்தாள். அடித்து முடித்ததும் உலக்கையைக் கழுவிப் பழைய இடத்தில் சாத்தி வைத்துவிட்டு, தானே நடந்துபோய் போலீசில் சொன்னாளாம். ஆறு வருசம் போட்டார்கள்.

சுடுகாட்டில் வைத்தே மங்களேஸ்வரியின் புருசன் நல்லதம்பி சொல்லிவிட்டான். "அவ சாகாம எங்க அண்ணனுக்குக் கருமாதி கிடையாது. அதுவரைக்கும் எந்தலையில கத்தி படாது." பதினாறாம் நாள் காரியம் அப்படியே நின்றது. கருமாதி முடியாத வீட்டில் மேளம் கொட்டக்கூடாது என்று பங்காளிகள் தடுத்துப் பார்த்தார்கள். வம்சம் அத்துப்போகவா என்று முத்துவடிவு எல்லோரையும் வாயடைத்து, ரெண்டு வருசம் கழித்து மேளமில்லாமலே கல்யாணத்தை நடத்தினாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மங்களேஸ்வரியை ஏன் கொடுத்தார்கள் என்றால், அவளை வேறு யாரும் கேட்டு வரவில்லை. அவளுடைய தாய்மாமன் வல்லிநாயகம் கடையத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைக்காக ஒருத்தனை வெட்டிவிட்டுத் தூக்கில் போனவர். அப்போது அவளுக்குப் பத்து வயசு. ஜெயிலிலிருந்து மாட்டுவண்டியில் உடம்பைக் கொண்டு வந்தார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தலை மட்டும் தனியே ஆடியது. தாய்மாமன் பெண்டாட்டி அதற்குப் பிறகு நல்ல நாள் பொல்லாத நாளில் சொந்தக்காரர் வீட்டுப் புறவாசலில் நின்று சோறு வாங்கித் தின்றாள். தூக்கில் போனவன் வீடு என்றால் பெண்ணெடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஆகவே நல்லதம்பி வீட்டில் அவளுக்கு இருந்தது ஒரே பயம்தான். இந்த மனுசன் பேராச்சியை வெட்டிவிட்டால், தலை ஆடிக்கொண்டு ஒரு வண்டி தன் வாசலுக்கும் வரும். தானும், அடுத்தடுத்துப் பிறந்த ரெண்டு பெண் பிள்ளைகளும் புறவாசலில் நிற்க வேண்டும்.

நல்லதம்பி அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. மாட்டை அடிப்பான். ஒரு தடவை வாய்க்காலில் கால் வைத்த பக்கத்து வயல்காரனின் காதைக் கடித்துத் துப்பினான். வீட்டுக்குள் மட்டும் வாய் திறக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். பங்குனி பிறந்தால் அரிவாளை எடுத்து உரசுவான். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு குற்றாலம் மலையடியில் இருக்கிற தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவான். சாமி காலடியில் அரிவாளை வைத்து எடுத்து வருவான். வருசா வருசம் இதுதான்.

அறுபதில் பேராச்சி விடுதலையானாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லதம்பி தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடி எல்லாச் சந்தையிலும் தேடித் திரிந்தான்.

அறுபத்தொன்று பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் வண்டி கட்டிச் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். பெண் பிள்ளைகள் ரெண்டையும் ஆத்தா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள் மங்களேஸ்வரி. வெயில் காலம். அருவி வற்றி, பாறையில் நூல் மாதிரி வழிந்தது. தென்காசி மூசா சர்பத் வண்டி போட்டிருந்தார். நல்லதம்பி ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"என்ன மூசா அண்ணாச்சி, உங்க பாடு கொண்டாட்டம்தான். ஐஸை வித்தே பங்களா கட்டிருவீரு போல."

"பங்களாவா? நல்லா இருக்கு போங்க. இந்த மலைக்கு வார கூட்டத்துல பாதி பைத்தியம். அதுல ஒருத்தரு பாளையங்கோட்டை காலேஜ் வாத்தியாரு. கழுத்துல ரெட்டைக் குழல் கண்ணாடி. நாலு நாளா குருவி பிடிக்காரு. கால்ல வளையம் மாட்டுதாரு, திரும்ப விட்டுருதாரு. திங்கிறதும் இல்ல, விக்கிறதும் இல்ல!"

"குருவிக்குக் கொலுசு போடுத ஆளா?" என்று நல்லதம்பி சிரித்தான். அவன் சிரித்து மங்களேஸ்வரி பார்த்து நாளாகியிருந்தது.

"ஆமா. பிடிச்சுக் குடுக்கிறதுக்கு ஒரு பொம்பளையாள் வேற. பலாப்பால் பிசின் வச்சு இம்புட்டுக் குருவியப் பிடிக்கா பாருங்க, குருவி பிடிச்சே பொழைச்ச அவ அப்பன் பிச்சையாவே தோத்தான். பேராச்சின்னு பேரு."

நல்லதம்பி மிச்சச் சர்பத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். கிளாஸை மெதுவாக வைத்தான். "எந்தப் பக்கம்?" என்றான்.

"சிற்றருவிக்கு மேல, கிராம்புத் தோட்டத்து ஓடையில..." என்று சொல்லிக்கொண்டே வந்த மூசா அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விழுங்கினார்.

நல்லதம்பி நேரே வண்டிக்குப் போய் வைக்கோலுக்கடியிலிருந்து அரிவாளை எடுத்தான். பாறையில் குந்தி, எச்சில் துப்பி உரச ஆரம்பித்தான். முத்துவடிவு சாஸ்தா சந்நிதியிலிருந்து திருநீறு அள்ளி வந்து மகன் நெற்றியில் பூசினாள். "ஒரே வெட்டுல முடிச்சிராத. எம் மவன் மூணு அடி வாங்குனான்" என்றாள்.

மங்களேஸ்வரி பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"தண்ணிக்குப் போயிட்டு வாரேன் அத்தே."

கண் மறைகிற வரைக்கும் நடந்தாள். மறைந்ததும் ஓடினாள். தோட்டத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும், "குருவி வாத்தியார் எங்கன இருக்காக?" என்று கேட்டாள். ஒருத்தன் மாற்றி ஒருத்தன் கைகாட்டினான். குடமும் கையுமாக இப்படி வழி கேட்டுக்கொண்டே போனால், பின்னால் வருகிறவனுக்குக் குடக்காரி எந்தப் பக்கம் போனாள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பது அவள் புத்தியில் ஏறவில்லை. ஓடையில் ஊறிக்கிடந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டுகொண்டாள். வெறுங்குடத்தோடு திரும்பினால் மாமியார் கேட்பாளே என்ற நினைப்பு வேறு.

ஓடை வளைவில் புதருக்கு இந்தப் பக்கம் மூன்று கல் கூட்டி ஒரு சட்டியில் பலாப்பால் பிசின் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் காக்கிக் கால்சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் தரையோடு தரையாகக் கிடந்தார். குழல் கண்ணாடி கண்ணில் இருந்தது. அவர்தான் வாத்தியார் ஏசுவடியான்.

"ஐயா, இங்கன பேராச்சின்னு..."

"ஸ்ஸ்! உக்காருங்கம்மா! அசையாதீங்க!" என்று அவர் திரும்பாமலே அதட்டினார்.

"ஐயா, கொலகாரன் வாரான்..."

"யார் வேணா வரட்டும். அந்தக் குருவி போயிட்டா அடுத்த வருசம்தான். உக்காருங்க!"

மங்களேஸ்வரி குடத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஜெயிலுக்குப் போன பேராச்சி, ஆம்பிளையை அடித்துக் கொன்ற பேராச்சி என்றால் ஆளும் பனைமர உயரத்துக்கு இருப்பாள் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். சட்டிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தவள் பன்னிரண்டு வயசுப் பிள்ளை உசரம்தான் இருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. ஒரு சின்னக் குச்சியில் பிசினைத் தொட்டு, ஈர விரலால் நுனியை உருட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தபோது முன்பல் இல்லாதது தெரிந்தது.

"அந்தா, எருக்கலைக்கு மேல பாரு" என்று முணுமுணுத்தாள்.

மங்களேஸ்வரி பார்த்தாள். இலைதான் தெரிந்தது. பிறகு ஒரு இலை தாவியது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு. முதுகு பச்சையுமில்லை, சாம்பலுமில்லை. கண்ணுக்கு மேல் வெள்ளையாய்ப் புருவம் எழுதினாற்போல ஒரு கோடு. ஒரு இடத்தில் நிற்கவில்லை. புழுவைப் பொறுக்குவது, இலைக்கடியில் தலைகீழாய்த் தொங்குவது, அடுத்த கிளைக்குப் போவது என்று அலைந்துகொண்டே இருந்தது. ஊரில் அதற்குத் தனிப் பேர் கிடையாது. வாத்தியார் கதிர்க்குருவி என்றார். ஐப்பசியில் வடக்கே பனிமலையிலிருந்து வருமாம். பங்குனியில் வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். அந்தக் கூட்டத்தில் இறக்கையில் ரெண்டு வெளிர்கோடு உள்ள ஒன்றைத்தான் அவர் ஐந்து வருசமாகத் தேடுகிறார். அதுதான் இது.

"அக்கா," என்று மங்களேஸ்வரி கிசுகிசுத்தாள். "நான் நல்லதம்பி பொண்டாட்டி. அவுக அரிவாளோட வாராக. ஓடிருங்க."

பேராச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கட்டி ஓட? ஜெயிலுக்கா?" என்றாள். "சாரோட குருவி உக்காரட்டும். செத்த பொறு."

குருவி உட்கார்ந்தது. பிசின் தடவிய குச்சியில் ஒரு கால் பட்டது. படபடவென்று அடித்தது. பேராச்சி எலி பாய்வது போலப் போய் அதைக் கையில் பொத்திக்கொண்டாள். "இறகுல பட்டாச் செத்துது, கால்ல மட்டுந்தான் படணும்" என்றபடி இடுப்பிலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்து, துணி நுனியில் தொட்டு, நூல் போலிருந்த குருவியின் கால்விரல்களைத் துடைத்தாள். பிசின் கரைந்து வந்தது. வாத்தியார் அதை வாங்கித் துணிப்பைக்குள் விட்டார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வளையத்தைத் தேடினார். "ஆண்டவரே, ஆண்டவரே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

அப்போது பின்னால் சருகு நொறுங்கியது.

"குருவி பிடிக்கியா மதினி?" என்றான் நல்லதம்பி.

முடி முகத்தில் விழுந்து கிடக்க, திருநீறு வேர்வையில் வழிய, அவன் நின்றான். மங்களேஸ்வரியைப் பார்த்து, "உனக்கு அப்புறம் இருக்கு" என்றான்.

"இந்தாருங்க, வேண்டாங்க! நம்ம பிள்ளைய நினைச்சுப் பாருங்க! உங்களத் தூக்குல போட்டுருவாங்க!" என்று மங்களேஸ்வரி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதறியதில் முழங்கால் அவள் வாயில் இடித்து உதடு கிழிந்தது. முதல் வெட்டு பேராச்சியின் கழுத்துக்கு வந்தது. அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். இடது முன்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. வாத்தியார் வெறுங்கையோடு பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தார். நல்லதம்பி அரிவாள் பிடியால் அவர் மண்டையில் இடித்து, கீழே விழுந்தவரை நெஞ்சிலே மிதித்தான். இரண்டாவது வெட்டுக்குக் கையை ஓங்கினான்.

பேராச்சி அடுப்பிலிருந்த சட்டியை வலதுகையால் அப்படியே தூக்கி அவன் முகத்தில் வீசினாள்.

அவன் போட்ட சத்தம் மலையில் திரும்பத் திரும்பக் கேட்டது. எண்ணெய் என்றால் வழிந்துவிடும், கஞ்சி என்றால் உதறிவிடலாம். பிசின் போகாது. பட்ட இடத்தில் கவ்வும். அரிவாளைப் போட்டுவிட்டு ரெண்டு கையாலும் முகத்தைப் பிய்த்தான். கையும் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. விழுந்து புரண்டான். மண்ணும் சருகும் அப்பிக்கொண்டன.

மங்களேஸ்வரி குடத்தைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் அவன் முகத்தில் கொட்டினாள். வெந்து துடிக்கிறவனைப் பார்த்தால் யார்தான் தண்ணீரைத் தேட மாட்டார்கள்? ஆனால் தண்ணீர் பட்டதும் பிசின் இறுகியது. மூக்கும் வாயும் ஒரே கட்டியாக அடைத்துக்கொண்டன. அலறல் நின்றது. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. காலால் தரையை உதைத்தான். மூச்சில்லாமல் அவன் உதைப்பதைப் பார்த்தபோதுதான், தானே புருசனைக் கொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏட்டி கூறுகெட்டவளே, தள்ளு!" பேராச்சி அவளை ஒரு உதை விட்டாள். வெட்டுப்பட்ட கை தொங்கிக்கொண்டு ரத்தம் ஊற்றியது. நல்லதம்பியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். பல்லால் குப்பியின் தக்கையைப் பிடுங்கித் துப்பி, எண்ணெயை அவன் மூக்கிலும் வாயிலும் ஊற்றினாள். விரலை உள்ளே விட்டுத் தோண்டினாள். அவனோ கண் தெரியாமல் அவளை அடித்துக்கொண்டிருந்தான். அவள் காதிலே ஒரு குத்து, வெட்டுக்காயத்திலே ஒரு குத்து. "அடில, நல்லா அடி. செத்துத் தொலையாம அடி" என்று சொல்லிக்கொண்டே, மீன் செவுளைப் பிடுங்குவது போல அவன் வாயிலிருந்து பிசினைத் தோலும் ரத்தமுமாய் இழுத்தெடுத்தாள். கடைசியில் இழுத்துக்கொண்டு ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

அதற்குப் பிறகுதான் அவள் சரிந்தாள். மங்களேஸ்வரி முந்தானையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினாள்.

வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் சட்டைப்பையிலிருந்து துணிப்பையை எடுத்துப் பிரித்தார். மிதிபட்டதில் குருவி நசுங்கிப் போயிருந்தது.

தோட்டத்து ஆட்கள் நல்லதம்பியையும் பேராச்சியையும் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லதம்பியின் இடது கண் போயிற்று. போலீஸ் வந்து கேட்டபோது மங்களேஸ்வரி, தேன் எடுக்கப் போனாக, அடுப்பில் விழுந்துட்டாக என்று சாதித்தாள். வாத்தியார் அவளைப் பார்த்து, "எனக்குப் பொய் வராதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். கேஸ் நடந்தது. பேராச்சி தன் உயிரைக் காத்துக்கொள்ளத்தான் வீசினாள் என்று விட்டுவிட்டார்கள். நல்லதம்பிக்கு நாலு வருசம். தீர்ப்பைக் கேட்டுக் கோர்ட்டு வாசலில் முத்துவடிவு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மங்களேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. நாலு வருசம்தான், தூக்கு இல்லை.

ஏழு வருசம் வளர்த்த முடியை ஜெயிலில் முதல் நாளே மழித்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அந்த மாசமே முத்துவடிவு ஒருத்தரிடமும் சொல்லாமல் ஐயரைக் கூட்டி வந்து மூத்த மகனின் கருமாதியை முடித்தாள்.

அதே மாசம் மங்களேஸ்வரி குற்றாலத்துக்குப் போய்ப் பேராச்சியைப் பார்த்தாள். அவள் இடதுகை விரல்கள் மடங்கவில்லை.

"ஏன்க்கா அவுகள உயிரோட விட்டீங்க? நீங்க எந்திரிச்சுப் போயிருந்தா, தண்ணிய ஊத்தி நானே கொன்னிருப்பேனே."

"ஒருத்தன் செத்ததுக்கே ஆறு வருசம் களி தின்னேன். இன்னொரு ஆறு வருசம் தின்ன எனக்குப் பல்லு ஏது?" என்று பேராச்சி பொக்கை வாயைக் காட்டினாள். பிறகு, "அவன் மூச்சு முட்டுத சத்தம் கேட்டுது. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. எம் பிள்ளை ஒரு சத்தமும் போடல" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

அறுபத்தைந்தில் நல்லதம்பி திரும்பி வந்தான். அண்ணன் கருமாதியும் முடிந்துபோனதால், இனி அரிவாளை உரசிக்கொண்டு காத்திருக்க அவனுக்கு யாருமில்லை. வந்த மூன்றாம் நாள் மங்களேஸ்வரியை அடித்தான். "அவளுக்குச் சேதி சொல்லப் போனவ நீதானட்டி? எங்கண்ணு உன்னாலதான் போச்சு" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். தூக்குமேடையிலிருந்து இழுத்து வந்த மனுசன் என்று அவள் ஏழெட்டு மாசம் பொறுத்தாள். அறுபத்தாறு தையில் வண்டித் தார்க்குச்சியால் அடித்துத் தோள்பட்டை எலும்பை ஒடித்தான். தடுக்க வந்த மூத்தவள் தங்கபுஷ்பத்தின் நெற்றியும் பிளந்தது. விடியும் முன்பே ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மங்களேஸ்வரி நடந்தாள். ஆத்தா வீட்டுக்குப் போகவில்லை. பேராச்சி அப்போது ஆய்க்குடிக்கு வந்து, நெல் அவிக்கிற களத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற மூன்று பேரையும் பார்த்துப் பேராச்சி கதவை அகலத் திறந்தாள். "உள்ள வா. உலை கொதிக்கு" என்றாள்.

நல்லதம்பி ரெண்டு தடவை வந்தான். முதல் தடவை தெருவில் நின்று கத்தினான். பேராச்சி வாசலில் குறுக்கே நின்றாள், உள்ளே விடவில்லை. ரெண்டாம் தடவை குடித்துவிட்டு வந்து களத்து ஆட்களிடம் அடி வாங்கிக்கொண்டு போனான். அறுபத்தெட்டில் சொந்தக் கிணற்றில் விழுந்து செத்தான். விழுந்தானா, விழவைத்தார்களா என்று காது போன அந்த வயல்காரனைக் கைகாட்டி ஊர் ரொம்ப நாள் பேசியது. மங்களேஸ்வரி போய்ப் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஆய்க்குடிக்குத் திரும்பிவிட்டாள்.

வாத்தியார் ஏசுவடியான் உயிரோடு இருந்த வரைக்கும் பங்குனி தோறும் வருவார். பிசின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேராச்சி முன்னால் நடந்து கைகாட்ட, அவர் கண்ணாடியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். ரெட்டைக் கோட்டுக் குருவி மறுபடி கண்ணில் படவில்லை.

பேராச்சி இப்போது ஆய்க்குடியில் நல்லதம்பியின் மூத்த மகள் தங்கபுஷ்பத்தின் வீட்டில் இருக்கிறாள்.